தொலைநோக்கி கடைசியில்தான்: பள்ளி வானியல் மன்றத்தில் கற்றுக்கொள்வது எப்படி

ஒன்பதாம் வகுப்பில் வானியல் மன்றத்துக்குப் பெயர் கொடுத்தபோது எனக்கு ஒரே ஆசைதான்: சனியின் வளையத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது நடக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் கொரோனா வந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கும் முன்பே, சேர்ந்த முதல் ஆறு மாதம், எங்கள் இயற்பியல் சார் தொலைநோக்கிப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. அப்போது கடுப்பாக இருந்தது. இப்போது கல்லூரியிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அதே மன்றத்துப் பிள்ளைகளுக்கு நானும் அதையேதான் செய்கிறேன்.

எங்கள் பள்ளி திண்டுக்கல்லில் இருக்கிறது. கீழே வரும் தேதிகளும் கோணங்களும் அந்த ஊர்க் கணக்கு. உங்கள் ஊருக்கு எப்படி மாற்றுவது என்பதை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். இன்னொன்று: அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் சோதனைகளுக்காக 2022 இறுதியில் தொடங்கிய 'வானவில் மன்றம்' வேறு, வானியல் மன்றம் வேறு. பெயரைக் கேட்டுப் பாதிப் பேர் குழம்புவார்கள். மீதிப் பேர், "ஜோசியம் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம், அதற்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: ஒரு நோட்டு

கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. முதல் செலவு இவ்வளவுதான்.

நான் எழுதிய முதல் பதிவு இது: "இன்று நிலா மிக அழகாக இருந்தது." சார் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார். எங்கே? எத்தனை மணிக்கு? எவ்வளவு உயரத்தில்? அன்றிலிருந்து எங்கள் நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் இவை கட்டாயம்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், மேகம் எவ்வளவு, வெறும் கண்ணா கருவியா, ஒரு படம். கடைசியில், பார்த்தபோது எழுந்த ஒரு கேள்வி.

படம் நன்றாக வரவேண்டியதில்லை. என்னுடைய வியாழன் இன்றும் கோணல் உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு விதிகளை மீறாதீர்கள். பார்த்துக்கொண்டே வரைய வேண்டும், மறுநாள் காலை நினைவிலிருந்து வரையக் கூடாது. தப்பாக வரைந்ததை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். எது தப்பு என்று அன்று நமக்குத் தெரியாது என்பதால்தான் இந்த இரண்டாவது விதி. ஒருநாள் நான் "பிசகு" என்று அடித்த புள்ளி, பிறகு கணக்குப் போட்டபோது சரியான புள்ளியாக இருந்தது.

இந்தப் பழக்கம் ஊரடங்கில்தான் கைகொடுத்தது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் வானத்தில் பத்தில் ஒரு டிகிரி இடைவெளிக்கு வந்தன, அதாவது முழுநிலா அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளி கிடையாது, மன்றம் கிடையாது. அவரவர் மொட்டை மாடியில் நின்று, பொழுது சாய்ந்ததும் மேற்கே பார்த்து, இரண்டு வாரம் தினமும் வரைந்தோம். படங்களை வரிசையாக வைத்தால் வியாழன் மெல்ல நெருங்கி, ஒட்டி, தாண்டிப் போவது தெரிந்தது. கிரகங்கள் நகர்கின்றன என்று ஆறாம் வகுப்பிலிருந்து பரீட்சையில் எழுதி வந்தவன், அது நகர்வதை அந்த இரண்டு வாரத்தில்தான் பார்த்தேன்.

இரண்டாம் படி: நிலாவும் தினசரி காலண்டரும்

நிலாவோடு தொடங்குவதற்குக் காரணம், நகரத்து வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. மூன்றாம் பிறையிலிருந்து பௌர்ணமி வரை, தினமும் ஒரே நேரத்தில் (நாங்கள் மாலை 7 மணி வைத்திருந்தோம்) ஒரே இடத்தில் நின்று, நிலா எந்தக் கட்டடத்துக்கு மேல் நிற்கிறது என்று குறியுங்கள். ஒவ்வொரு நாளும் அது கிழக்கே தள்ளிப்போவது தெரியும். உதயம் சராசரியாக 50 நிமிடம் தாமதமாவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பயிற்சியில் ஒரு சின்ன அதிர்ச்சி உண்டு. பல புத்தகங்களில் பிறை நெட்டுக்குத்தாக, அடைப்புக்குறி மாதிரி நிற்கும். நம் ஊரில் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நிலாவின் பாதை நமக்கு ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது, சூரியன் பிறைக்கு நேர் கீழே மறைந்திருக்கிறது, வெளிச்சம் அடியில் விழுகிறது. வடக்கே தூரத்தில் இருப்பவர்கள் பார்க்கும் பிறையைத்தான் அந்தப் புத்தகங்களில் வரைந்திருக்கிறார்கள்.

அடுத்தது காலண்டர். வீட்டில் கிழிக்கும் தினசரி காலண்டரில் 'ரோகிணி', 'மகம்' என்று அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். அது என்னவென்று எனக்கு ஒன்பதாம் வகுப்பு வரை தெரியாது. அம்மாச்சிக்கு அது நல்ல நாள் பார்க்கிற விஷயம். உண்மையில் அது வானத்தில் நிலா நிற்கும் முகவரி. வானத்தைச் சுற்றி நிலா போகும் 360 டிகிரிப் பாதையை 27 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 13 டிகிரி 20 நிமிடம் (கோணக் கணக்கில் 60 நிமிடம் ஒரு டிகிரி), நிலா ஏறக்குறைய ஒரு நாளில் கடக்கும் தூரம். ஆக, ரோகிணி என்று போட்ட நாளில் நிலாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ஒரு நட்சத்திரம் இருக்கும். அதுதான் ரோகிணி, ஆங்கிலப் பெயர் ஆல்டெபரான்.

எல்லா நட்சத்திரத்துக்கும் இது வேலை செய்யாது. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவை நிலாவின் பாதையை ஒட்டி இருப்பதால் இவற்றோடு தொடங்குங்கள். சுவாதியும் திருவோணமும் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கின்றன. அந்த நாள்களில் நிலாவின் அருகில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மூன்று மாதம் காலண்டரை வைத்துக்கொண்டு இப்படித் தேடியதில் ஐந்து நட்சத்திரம் எனக்கு நிரந்தரமாகப் பரிச்சயமாகிவிட்டது. அம்மாச்சியும் சில நாள் மாடிக்கு வந்தார். பலன் எதுவும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் படி: கையே அளவுகோல்

கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஒரு டிகிரி, நடு மூன்று விரல்கள் சேர்ந்தால் ஐந்து, மூடிய முட்டி பத்து. அடிவானத்திலிருந்து உச்சிக்கு ஒன்பது முட்டி வர வேண்டும். எட்டோ பத்தோ வந்தால் உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இதை வைத்துச் செய்யும் முதல் வேலை துருவ நட்சத்திரத்தைத் தேடுவது. அது எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுதான், ஒரு டிகிரி முன்னே பின்னே, உங்கள் ஊரின் அட்சரேகை. திண்டுக்கல்லில் ஒரு முட்டி உயரம், அவ்வளவுதான். சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8. மூன்று சாயங்காலம் பள்ளி மாடியில் தேடிக் கிடைக்கவில்லை, வடக்கே வெளிச்சமும் புழுதியும் அதை விழுங்கிவிட்டன. ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் ஒரு நண்பன் இருந்தான், அங்கே போய்த்தான் பிடித்தோம். ஏப்ரல், மே மாத முன்னிரவில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயரத்தில் இருக்கும்போது தேடுவது சுலபம். வாலுக்கு எதிர்ப்பக்கம் உள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்தக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் அங்கே நிற்கும். வாலின் நடு நட்சத்திரம் வசிட்டர், அதை ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் பகலில் காட்டுகிற அதே அருந்ததிதான்.

வடக்கே நமக்கு நஷ்டம் என்றால் தெற்கே லாபம். அதே மே மாதத்தில் தெற்கு அடிவானத்துக்கு இரண்டு முட்டி மேலே தென்சிலுவை நிற்கும், லண்டன்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். யாராவது ஒருமுறை செல்போனைத் திறந்தால் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் மிக நல்லது, ஆனால் அதைக் கிளம்பும் முன் வீட்டில் பாருங்கள், மாடியில் வேண்டாம்.

நான்காம் படி: பகலில் ஒரு கம்பு

என்னைக் கேட்டால் மன்றத்தில் நான் கற்றதிலேயே கனமான பாடம் இருட்டில் கிடைத்ததல்ல, ஏப்ரல் மாத மொட்டை வெயிலில் கிடைத்தது.

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிறுத்தி வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. இதுதான் நிழலில்லா நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், திண்டுக்கல்லில் 16, 17 வாக்கில், சென்னையில் 24 வாக்கில் வரும். ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் இதே வரிசை தலைகீழாக, வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பும். நேரம் சரியாகப் பன்னிரண்டு அல்ல. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. திண்டுக்கல் அதற்கு நாலரை டிகிரி மேற்கே இருக்கிறது, டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் எங்களுக்கு நண்பகல் 12.18.

நிழல் இல்லை என்று படம் எடுத்துக்கொண்டு கலைந்து போவதில் பெரிய பயன் இல்லை. அதே நிமிடத்தில் வேறொரு ஊரில் நிழல் எவ்வளவு என்று அளந்தால் பூமியின் சுற்றளவே கிடைக்கும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்த அதே கணக்கு. 2022 ஏப்ரலில் நாங்கள் இதைச் செய்தோம். என் அத்தை மகன் தருமபுரியில் படித்தான். தருமபுரி எங்களுக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 195 கி.மீ., இது சாலைத் தூரமல்ல, வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம். செய்முறை இதுதான்:

1. இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் உயரக் கம்பு. கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும்.
2. தரை மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தட்டில் தண்ணீர் வைத்துப் பாருங்கள்.
3. 12 மணியிலிருந்து 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைத் தாளில் குறிக்க வேண்டும். மிகக் குட்டையான நிழலே நண்பகல் நிழல்.
4. நிழலைக் கம்பின் உயரத்தால் வகுத்து, டான்ஜென்ட் (tan) அட்டவணையில் கோணம் எடுக்க வேண்டும். 360ஐ அந்தக் கோணத்தால் வகுத்து, 195ஆல் பெருக்க வேண்டும்.

எங்களுக்குத் திண்டுக்கல்லில் நிழல் இல்லை. தருமபுரியில் 3.2 செ.மீ. கோணம் 1.83 டிகிரி. விடை 38,300 கி.மீ. சொச்சம். துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008 கி.மீ. நான்கு சதவீதப் பிசகு என்று எல்லாரும் கை தட்டினோம்.

சார் கை தட்டவில்லை. "ஒரு மில்லிமீட்டர் மாத்திப் போட்டுப் பாருங்க" என்றார். 3.1 என்று போட்டோம், 39,500 வந்தது. 3.0 என்றால் 40,800. ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆடுகிறது! சரி, நிழலை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தோமா? அத்தை மகனுக்கு மறுபடி போன் போட்டேன். "நுனி எங்கடா முடியுது, மங்கலா இருக்கே. குத்துமதிப்பா வச்சேன்" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகல வட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் நுனி சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கித்தான் விழும். அதற்குள் எந்தக் கோட்டை அவன் எடுத்திருந்தாலும் எங்கள் பூமி பெருத்திருக்கும் அல்லது இளைத்திருக்கும். எங்களுக்குக் கிடைத்த நல்ல விடையில் பாதி அதிர்ஷ்டம்.

கம்பை நீளமாக்கினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். ஆகாது. கம்பு நீண்டால் மங்கலும் அதே விகிதத்தில் நீளும். தூரத்தைத்தான் கூட்ட வேண்டும். டெல்லி ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் இருக்கிறது. அங்கே அன்றைக்கு நிழல் 33 செ.மீ. இருக்கும். மங்கல் அதே ஒரு செ.மீ.தான் என்பதால் பிசகின் பங்கு பத்தில் ஒன்றாகக் குறையும். டெல்லியில் யாராவது தெரிந்தவர் இருந்தால் விடாதீர்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கிரகணம் பற்றி

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் (நடுவை நிலா மறைக்க, சூரியனின் ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது) எங்கள் ஊர் வழியாகவே போனது. அரையாண்டு விடுமுறை, ஆனாலும் மன்றத்தில் எல்லாரும் வந்திருந்தோம். சூரியனை நேரே பார்க்க ஐ.எஸ்.ஓ. 12312-2 முத்திரை உள்ள கிரகணக் கண்ணாடி மட்டுமே. எக்ஸ்ரே ஃபிலிம், புகைபிடித்த கண்ணாடி, கூலிங்கிளாஸ் எதுவும் கூடாது. தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. எங்களிடம் இருந்த கண்ணாடிகள் கூட்டத்துக்குப் பத்தவில்லை, அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு செ.மீ. ஓட்டை விட்டுக் காகிதம் ஒட்டி, வெயிலைப் பத்து மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் அடித்தோம். சுவரில் 9 செ.மீ. சூரியன் விழுந்தது, கடிபட்ட அப்பம் மாதிரி. ஒன்பதரை மணி வாக்கில் வேப்பமரத்து நிழலில் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் வளையமாக மாறியது. காவலாளி அண்ணன் கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தென் தமிழகத்தில் அடுத்த வளையம் 2031 மே 21.

ஐந்தாம் படி: பெட்டியைத் திறப்பது

அந்தப் பெட்டியில் இருந்ததைப் பற்றி இப்போது சொல்லலாம். இணையக் கடை ஒன்றில் வாங்கியது, பெட்டியில் பெரிதாக "525 மடங்கு" என்று போட்டிருந்தது. 76 மி.மீ. கண்ணாடி. பொதுவாக, கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே உருப்படியான அதிகபட்ச உருப்பெருக்கம். 76க்கு 152. அதற்கு மேல் வெறும் மங்கல்தான் பெரிதாகும். அதைவிட மோசம் அதன் கால்கள், காற்றடித்தால் வியாழன் கூத்தாடும். பிறகு பழைய மாணவர்கள் சேர்ந்து 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத்தூரமும் உள்ள டாப்சோனியன் (எளிய சுழல்பீடத்தில் உட்காரும் தொலைநோக்கி) ஒன்றை வாங்கித் தந்தார்கள். ஆடாத மரப்பீடம், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதுதான் எல்லாமே.

குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம்: 25 மி.மீ. வில்லைக்கு 26 மடங்கு, 10க்கு 65. எப்போதும் 25இல் தொடங்குங்கள். தேடு கருவியை (குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சின்னக் கருவி) பகலிலேயே, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தின் நுனிக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். இரவில் செய்தால் ஒரு மணி நேரம் போய்விடும். பார்ப்பதற்கு அரை மணி முன்பே தொலைநோக்கியை வெளியே வைத்து ஆறவிடுங்கள். நிலாவை வளர்பிறை அட்டமி வாக்கில் பாருங்கள். பௌர்ணமியில் குழிகளுக்கு நிழல் கிடையாது, எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

2021 செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சனியைப் பார்த்தேன். கடுகு அளவுதான் இருந்தது. ஆனால் வளையம் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களோ என்று குழாயின் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் அப்படிச் செய்வதை இப்போதும் பார்க்கிறேன்.

ஆறாம் படி: வியாழனின் நான்கு புள்ளிகள்

பார்த்து முடித்ததும் பெரும்பாலான மன்றங்கள் நின்றுவிடுகின்றன. வியாழனை வைத்து ஒரு அளவீடு செய்யுங்கள்.

தினமும் முன்னிரவில் வியாழனையும் அதன் பக்கத்துப் புள்ளிகளையும் வரைய வேண்டும், அவை வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள். தூரத்தை வியாழனின் அகலத்தால் மதிப்பிட வேண்டும், "இடப்பக்கம் எட்டு வியாழன் தள்ளி" என்பது போல. நாங்கள் எட்டுப் பேர் முறை வைத்து ஐந்து வாரம் செய்தோம், மேகம் போக மிஞ்சியது 16 இரவு. பெரிய சிக்கல், எந்தப் புள்ளி எந்த நிலா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. மிகத் தூரம் போவது கலிஸ்டோ என்று வைத்துக்கொண்டு தொடங்கினோம். அது ஒரு பக்கத்தில் எட்டிய தூரம் சுமார் 14 அகலம், அதே பக்கம் திரும்ப வர 17 நாள். கானிமீட் 8 அகலம், 7 நாள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி காலத்தின் வர்க்க விகிதமும் தூரத்தின் கன விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது 5.9 வந்தது, இரண்டாவது 5.4. பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்புப் பாடம் நடந்தபோது அந்த விதியை நான் மனப்பாடம் செய்யவில்லை.

ஐயோவைப் பிடிக்க முயலாதீர்கள். அது 1.77 நாளில் சுற்றிவிடும், இரவுக்கு ஒரு படம் போதாது.

ஏழாம் படி: அடுத்தவருக்குக் காட்டுவது

2022 நவம்பர் 8 சந்திர கிரகணத்துக்கு ஊரையே அழைத்தோம். எங்கள் பக்கம் நிலா உதிக்கும்போதே முழு கிரகணம் முடிந்து கடைசிப் பகுதிதான் மிச்சம், அதுவும் 6.19க்கு முடிந்துவிடும். கிழக்கே மேகம். அறுபது பேர் வந்து மேகத்தைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் எங்கள் நோட்டுகளை மேசையில் விரித்துக் காட்டினோம். அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கும் மேகம் வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் திட்டமிடுகிறோம். கேள்விகளுக்கு, "தெரியலைங்க, பார்த்துச் சொல்றோம்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் வானம் கிடைக்காது. அப்போது செய்ய மூன்று வேலை. ஒன்று, ஐ.ஏ.எஸ்.சி. (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) நடத்தும் சிறுகோள் தேடல்: ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பள்ளிக் குழுக்களுக்குத் தருவார்கள், அஸ்ட்ரோமெட்ரிகா மென்பொருளில் மாற்றி மாற்றிப் பார்த்து நகரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, கணக்கில் ஆர்வம் இருந்தால் வானியல் ஒலிம்பியாட். முதல் கட்டத் தேர்வு மழைக்காலத்தோடு வரும். மூன்று, பயணத் திட்டம். எங்களுக்குப் பக்கம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1899இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909இல் கண்டது அங்கேதான். வட மாவட்டக்காரர்களுக்கு ஜவ்வாது மலையில் காவலூர், 1986இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இரண்டுக்கும் பள்ளியிலிருந்து முன்கூட்டியே கடிதம் எழுதி, பார்வை நேரம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம், ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். புது ஷூ பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துக் குழாய்க்குள் போட்டு இரு முனையையும் மூடி வையுங்கள். தூசி படிந்திருக்கிறதே என்று கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். எங்கள் 76 மி.மீ. கண்ணாடியின் கதை அப்படித்தான் முடிந்தது. துடைத்தவன் நான்.